குட்டைக்காரம்மா

அந்த வரியை அடிச்சிடுங்க, தம்பி. அடிச்சிட்டு எனக்குக் காட்டுங்க. இயற்கை ஆர்வலராம். யாரு, நானா? சுவத்துல பல்லி ஓடினா பக்கத்து ரூமுக்கு ஓடுற ஆளு நான். கரப்பானைக் கண்டா விளக்குமாத்தால அடிச்சு, செத்த பிறகும் ரெண்டு அடி சேத்துப் போடுவேன். அப்படிப்பட்டவளைப் பிடிச்சு ஆர்வலர், அன்பர்னு உங்க பேப்பர்ல போட்டீங்கன்னா இந்த பிளாட்டுல இருக்கிறதுங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். இப்பவே சிரிக்கிறது போதும். குட்டைக்காரம்மான்னு பேரு வச்சிருக்காங்க எனக்கு. வாட்ச்மேன் உங்ககிட்ட அப்படிக் கேட்டுத்தானே மேல அனுப்பினான்? குட்டைக்காரம்மா வீடான்னு? தெரியும்.

உக்காருங்க. அதுல வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அடையாறு முழுக்க வீட்டு வீட்டுக்கு ஓசியில போட்டுட்டுப் போறாங்களே, அந்தப் பேப்பர்தானே உங்களுது? வருது வருது, ஞாயித்துக்கிழமை காலையில கதவடியில கிடக்கும். அலமாரித் தட்டுல விரிக்கிறதுக்கு நல்ல அளவு. கோவிச்சுக்காதீங்க. படிக்காமலா விரிக்கிறேன்? கோலப் போட்டியில ஜெயிச்சவங்க, கீபோர்டு வாசிக்கிற குழந்தை, பல் டாக்டர் எழுதுற பல் விஷயம். இந்த வாரம் குட்டையில குப்புறப் படுத்து பூச்சி படம் எடுக்கிற விதவை. நல்லாத்தான் இருக்கும், போடுங்க.

பரிசா? அதை ஏன் கேக்கறீங்க. ஆழ்வார்பேட்டையில ஒரு ஹால் பிடிச்சு அந்த போட்டோ கிளப்காரங்க நடத்தினாங்க. மேஜைக்குப் பின்னாடி பெரியவங்க மூணு பேரு. அதுல ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, என் தட்டான் படத்தைப் பாத்து, இந்த இறக்கையில ஒரு சோகம் தெரியறதும்மான்னாரு. சோகமாம்! அது தோலை உரிச்சிக்கிட்டு வெளிய வந்தே அரை மணி ஆகல. இறக்கை ஈரமா இருந்தது, சுருங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். துவைச்சுப் பிழிஞ்ச வேட்டியைப் பாத்தாக்கூட அவரு சோகம்னு சொல்லுவாரு. எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. கேடயத்தைக் கையில வாங்கிக்கிட்டே சிரிச்சேன். சந்தோஷத்துல சிரிக்கிறேன்னு எல்லாரும் கை தட்டினாங்க.

குளமா? குளம்னு யாரு சொன்னா உங்களுக்கு? எந்திரிங்க, இந்த ஜன்னல்கிட்ட வந்து பாருங்க. கார் நிக்குதில்ல, அதுக்குப் பின்னாடி. தெரியுதா? அதான். குளம்னா கோயிலு, தேரு, தெப்பம் எல்லாம் இருக்கணும். இது குட்டை. முன்னாடி இந்த இடத்துல ஒரு வக்கீல் பங்களா இருந்துச்சாம். அவரு ஆசைக்குத் தாமரை வளக்கக் கட்டினது. அவரு போனாரு, பசங்க வித்தாங்க, கட்டடக்காரன் வந்தான். பங்களாவை இடிச்சான், மாமரத்தை வெட்டினான். இதை மட்டும் விட்டு வச்சான். ஏன்னா விளம்பரத்துல போட வேணுமே. லோட்டஸ் கார்டன் பிளாட்ஸ், ஜன்னலைத் திறந்தா தாமரைன்னு. நாங்க குடி வந்து ஜன்னலைத் திறந்தோம், ஆகாயத்தாமரை! குட்டை முழுக்கப் பச்சையா, பாய் விரிச்ச மாதிரி. அதுக்கும் சேத்து சதுர அடிக்குக் கூடப் போட்டு வாங்கியிருந்தான் பாவி. நாங்களும் குடுத்தோம், புத்திசாலிங்க.

கேமராவா? எங்களுதுதான். இரவல் கிரவல் இல்ல. எங்க வீட்டுக்காரர் மயிலாப்பூர்ல ஸ்டுடியோ வச்சிருந்தாரு. முத்துகிருஷ்ணன்னு பேரு. முத்து ஸ்டுடியோன்னா மாட வீதிப் பக்கம் பழைய ஆளுங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில இருந்து ஒரு பெட்டியோட வந்து ஆரம்பிச்சாரு. பெரிய கலைஞர்னு எழுதிடாதீங்க. சுமாராத்தான் எடுப்பாரு. பொண்ணு பாக்கிற படத்துக்கு வர்ற பொண்ணுங்களை எல்லாம் ஒரே பக்கமா கழுத்தைச் சாய்ச்சு உக்கார வைப்பாரு. கறுப்பு, சிவப்பு, குட்டை, நெட்டை, யாரு வந்தாலும் கழுத்து ஒரே சாய்ப்புத்தான். மயிலாப்பூர்ல ஒரு தலைமுறைப் பொண்ணுங்களுக்குக் கழுத்து வலி இருந்தா அதுக்கு இவருதான் காரணம்.

நானா? நான் என்ன பண்ணுவேன், எல்லா வேலையும் பண்ணுவேன். லைட்டு பிடிப்பேன். கல்யாணப் பொண்ணுக்கு மூக்கு மேல வேர்வை ஒத்தி விடுவேன். அழுவுற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவேன். நெகட்டிவ்ல பென்சில் வச்சு அம்மைத் தழும்பை அழிப்பேன். கேமராவை மட்டும் தொடக் கூடாது. பொம்பளைக்குக் கை ஆடும்பாரு. அதை ஏதோ சயின்ஸ் மாதிரி சொல்லுவாரு. மத்தவங்க முன்னாடியும் சொல்லுவாரு. நானும் ஆடும் போல இருக்குன்னு இருந்துட்டேன்.

அந்த லென்ஸா? அது தி. நகர் நகைக்கடைங்களுக்காக வாங்கினது. தீபாவளிக்குக் காலண்டர் போடுவாங்கல்ல, ஜிமிக்கி, ஒட்டியாணம், மூக்குத்தின்னு. மூக்குத்திக் கல்லை உள்ளங்கை அளவு காட்டும். அதைத்தான் நான் சேத்துல கொண்டு போய் வச்சேன். அவரு இருந்தா என் கையை ஒடிச்சிருப்பாரு.

ம்? காய்ச்சல்ல போனாரு. ஆவணி மாசம், முகூர்த்தம் முகூர்த்தமா ஆர்டரு. முதல்ல குளிருதுன்னாரு. அந்த வெயில்ல கம்பளி கேட்டாரு. மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு, வேர்த்துச்சு, சரியாயிடுச்சுன்னு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, தாலி கட்டற நேரத்துக்கு டாக்டரா வந்து படம் எடுப்பான்னு கேட்டாரு. திரும்பி வந்தப்ப நிக்கக்கூட முடியல. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மலேரியா, மூளைக்கு ஏறிடுச்சுன்னாங்க. அங்க படுத்துக்கிட்டு குளுக்கோஸ் பாட்டிலைப் பாத்து, கொஞ்சம் சிரிங்க, கழுத்தை இந்தப் பக்கம் சாய்ங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் பேசல. கடைசி வார்த்தைன்னு புராணத்துல எல்லாம் என்னென்னமோ சொல்றாங்க. இவரு பாட்டிலைச் சிரிக்கச் சொல்லிட்டுப் போனாரு.

தண்ணி வேணுமா உங்களுக்கு? மோரு இருக்கு. இல்லையா, சரி.

அவரு போன பத்தாம் நாளு காரியம் முடிஞ்சு ஈரம் காயல, நம்ம பிளாட்டு செக்ரட்டரி வந்து உக்காந்தாரு. கீழ் வீட்டு பத்ரிநாராயணன். பேங்க்ல பெரிய உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆனவரு. ஆனா மனுஷனுக்கு இன்னும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற நெனப்பு. ரொம்ப நேரம் உச்சுக் கொட்டிட்டு, உங்காத்துக்காரர் நம்ம எல்லாருக்காகவும் போயிட்டார்னு நெனச்சுக்கோங்கோன்னாரு. எனக்குப் புரியல. அப்புறம் மெதுவா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாரு. இந்தச் சனியனாலதான் போனார், கொசு அத்தனையும் இங்கேர்ந்துதானே வரது, இதை மூடிடணும்னு எல்லாரும் பேசிண்டிருக்கோம், மூடி அதுமேல கார் ஷெட்டு போட்டுடலாம், அவர் பேரையே வச்சுடலாம்னாரு.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். முத்துகிருஷ்ணன் நினைவு கார் ஷெட்டு. எங்க வீட்டுக்காரருக்குக் காரே கிடையாது. பஜாஜ் ஸ்கூட்டர், அதுவும் சாய்ச்சுப் படுக்க வச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். இவங்க வீட்டுக்கு வீடு மாருதி வாங்கிட்டாங்க, நிறுத்த இடம் இல்ல. அதுக்கு என் தாலி ஒரு சாக்கு.

இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாளைக்கே மூடுங்கன்னேன். நானே மண்ணு சுமக்கிறேன்னேன். தம்பி, இந்தக் கட்டடத்துல அந்தக் குட்டையை என்னை மாதிரி வெறுத்தவங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க. ராத்திரி தவளை கத்தும். எனக்கு அது சிரிக்கிற மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்தித் துணியை அடைச்சு வைப்பேன்.

பத்ரிநாராயணன்தான் யோசனை சொன்னாரு. கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போடறச்சே கொசுப்புழு படம் ஒண்ணு சேத்து வச்சா கேஸு ஸ்ட்ராங்கா இருக்கும், நீங்க ஸ்டுடியோக்காராளாச்சேன்னு. நான் படம் எடுத்ததில்லைன்னு அவருகிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. எடுத்துத் தரேன்னுட்டேன். அவரைக் கொன்னதை நானே பிடிச்சு, பெருசா பிரிண்ட் போட்டு, இதான் பாருங்கன்னு காட்டணும்னு ஒரு வெறி வந்திடுச்சு. அப்படித்தான் போனேன், தம்பி. இயற்கையைப் பாக்கப் போகல.

முதல் ரோலு முழுக்கப் பாழு. தண்ணியைப் படம் எடுத்தா வானம்தான் விழுது. அப்புறம் வீட்டுல கிடந்த ஸ்டுடியோ கறுப்புக் குடையை எடுத்துட்டு வந்து மேல பிடிச்சேன், அந்த மினுக்கு போச்சு, உள்ள தெரிஞ்சுது. நின்னு எடுத்தா வராது. உக்காந்தாலும் வராது. படிக்கட்டுல கோணியை விரிச்சுக் குப்புறப் படுத்து, மூக்கு தண்ணியில முட்டற மாதிரி இருந்தாத்தான் வரும். இந்த வயசுல, புருஷன் செத்த வருஷத்துல, ஒரு பொம்பளை கறுப்புக் குடைக்கு அடியில குப்புறப் படுத்துக் கிடந்தா எப்படி இருக்கும்? பால்கனி பால்கனியா நின்னு பாத்தாங்க. துணி காயப் போடறதுக்கு அன்னிக்கெல்லாம் என்ன ஆர்வம் எல்லாருக்கும்! ஒருத்தி, பாவம், மூளை பிசகிடுச்சுன்னா. காதுல விழுற மாதிரித்தான் சொன்னா.

சரி, உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? ரவுடிக் கூட்டம். வேற என்ன சொல்றது! ஒண்ணு தண்ணி மேல நடக்கும், மயிர் மாதிரி காலை வச்சுக்கிட்டு. என்னமோ அதுக்குத்தான் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி, இன்னொண்ணு பக்கத்துல வந்தா விரட்டும். பத்ரிநாராயணன்தான். இன்னொண்ணு மல்லாக்கப் படுத்துத் துடுப்புப் போடும். ஏன் மல்லாக்கன்னா, மேல என்ன விழுது, எதைத் தின்னலாம்னு பாக்க. ஒரு வண்டு மாதிரி பூச்சி, அதுல ஆம்பளை முதுகு பூரா முட்டையைச் சுமந்துக்கிட்டுத் திரியும். பொம்பளை ஒட்டி வச்சிட்டுப் போயிடுவா. இது பொரியிற வரைக்கும் சுமக்கும். நல்லா வேணும்னு நெனச்சேன். அதை மட்டும் நிறைய எடுத்தேன்.

இந்தத் தட்டான் இருக்கில்ல, வெளிய கண்ணாடி இறக்கையோட மினுக்கிக்கிட்டுப் பறக்குதே, அது குஞ்சா தண்ணிக்குள்ள இருக்கிறப்ப பாத்திருக்கீங்களா? அசிங்கம். சேறு கலரு, முழி ரெண்டும் வெளிய. அசையாம கிடக்கும், செத்துக் கிடக்குன்னு நெனப்பீங்க. தாடைக்கு அடியில ஒரு கையை மடிச்சு வச்சிருக்கும். கொசுப்புழு நெளிஞ்சுக்கிட்டுக் கிட்ட வரும். அவ்வளவுதான், அந்தக் கை நீளும், மடங்கும், புழு இருக்காது. கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்ல. அந்த நேரத்துல என் விரலு பட்டனுக்கே போகாது.

அதான் என் பிரச்சினையே. நான் கொசுப்புழு எடுக்கப் போயிருக்கேன். ஒண்ணு வரும், லென்ஸைத் திருப்பித் திருப்பித் தெளிவு பண்ணுவேன், பட்டனை அழுத்தப் போவேன், எவனாவது வந்து தின்னுட்டுப் போயிடுவான். மல்லாக்க நீந்துறவன் ஒண்ணைக் கொண்டு போவான். சின்ன மீனு ஒண்ணைக் கொண்டு போகும். திட்டிக்கிட்டே படுத்திருப்பேன். ஏண்டா, எனக்கு ஒரு படம் குடுத்துட்டுத் தின்னக் கூடாதாடான்னு. கீழ் வீட்டுக் குழந்தைங்க நின்னு கேட்டுட்டுப் போய், அந்த ஆன்ட்டி தண்ணியோட சண்டை போடறாங்கன்னு சொல்லுச்சாம்.

நாள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. இத்தனை பேரு தின்னா, எது மிஞ்சிப் பறந்து மாடிக்கு வருது?

கடைசியில சாக்கடைத் தண்ணி வந்து விழுற மூலையில, பிளாஸ்டிக் பை குவிஞ்சிருக்கிற இடத்துல, கொஞ்சம் புழு கிடைச்சுது. தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எடுத்தேன். நல்லா வந்துச்சு. பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு நேரா மலேரியா ஆபீசுக்குப் போனேன். அங்க பூச்சி படிச்ச ஆபீசர் ஒரு அம்மா, அன்வரி பேகம்னு. சின்ன வயசுதான். இதுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டே படத்தைப் போட்டேன், போட்டுட்டு, இதான் என் வீட்டுக்காரரைக் கொன்னதுன்னேன்.

அது படத்தை ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, அம்மா, படம் நல்லா எடுத்திருக்கீங்க, ஆனா இது அது இல்லம்மான்னு. சாக்கடைக் கொசுவோட புழு தலைகீழாத் தொங்கும், மலேரியாக் கொசுவோடது தண்ணி மட்டத்துக்கு அடியில நீட்டா, மட்டமாப் படுத்திருக்கும். நம்ம ஊர்ல மலேரியா பரப்புற கொசுவுக்கு இந்த மாதிரி நாத்தக் குட்டை பிடிக்காது, சுத்தமான தண்ணிதான் வேணும்னுச்சு. எனக்குக் கோவம். பணக்காரக் கொசுவான்னு கேட்டேன். அது சிரிக்கல. மறுநாள் அதுவே நேர்ல வந்துச்சு. நீளக் கைப்பிடி போட்ட கரண்டி மாதிரி ஒண்ணு, அதால குட்டையைச் சுத்திச் சுத்தி முகந்து முகந்து பாத்துச்சு. வெயில்ல, முக்காடு நனைய நனைய. ஒண்ணுகூட இல்ல. தவளைக் குஞ்சு வந்துச்சு, தட்டான் குஞ்சு வந்துச்சு, அது வரல. அப்புறம் இங்க, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல உக்காந்து மோர் குடிச்சிட்டு என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. நான் பதில் சொன்னேன். அது டம்ளரைக் கீழ வச்சிடுச்சு.

இருங்க, அதுக்கு வரேன். மீட்டிங்கைச் சொல்லிடறேன் முதல்ல.

தை மாசம், மொட்டை மாடியில ஷாமியானா போட்டு ஜெனரல் பாடி மீட்டிங்கு. கேசரி, பஜ்ஜி. மூடறதுக்குத் தீர்மானம் போடணும். பத்ரிநாராயணன் எங்க வீட்டுக்காரருக்காக எல்லாரையும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கச் சொன்னாரு. பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. அப்புறம், சந்திரிகான்னு என் பேரைச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டுவான்னாரு. நான் எழுந்து, இந்தக் குட்டையில மலேரியாக் கொசு இல்லைன்னேன். ஆபீசர் வந்து பாத்தாச்சு, மூட வேண்டாம்னேன்.

ஒரே கூச்சல். இத்தனை நாளு பாவம் பாவம்னு சொன்ன வாயெல்லாம் திரும்பிடுச்சு. எண்ணெய்க் கம்பெனியில வேலை பாக்கிறவர் ஒருத்தர், பூச்சிக்குப் பரிஞ்சு பேச வந்துட்டாங்களான்னாரு. அவரு பொண்டாட்டி, புருஷனைத் தின்ன குட்டைக்கு இப்படி வக்காலத்தான்னா. பத்ரிநாராயணன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிட்டு, கோர்ட்டுல கேக்கற மாதிரி கேட்டாரு. அப்படின்னா உங்காத்துக்காரருக்கு அது எங்கேர்ந்து வந்தது, சொல்லுங்கோ. ஆகாசத்துலேர்ந்தா?

சொன்னேன். அடுத்தது லிப்ட் ரிப்பேருன்னு பேச்சு மாறிடுச்சு. ஷெட்டு பேச்சை அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. எடுத்தா என் மூஞ்சியைப் பாக்கணுமே.

என்ன சொன்னேனா? உங்க முன்னாடி இருக்கிற படக் கட்டுல அடியில ஒரு படம் இருக்கு பாருங்க. முதல்லயே எடுத்துப் பாத்துட்டுத் தள்ளி வச்சீங்க. அதான். அழகா இருக்கா? எல்லாம் ஒரே சீரா, மட்டமா, கண்ணாடிக்கு அடியில வரிசை வச்ச மாதிரி படுத்திருக்குல்ல. வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு, ஆமா. மேல இருந்து நேரா விழுற வெளிச்சம். முத்தத்து வெளிச்சம் அது. குட்டையில எடுத்தது இல்ல, தம்பி. மயிலாப்பூர்ல எடுத்தது. எங்க ஸ்டுடியோவுல.

அன்வரி பேகம் கேட்டது இவ்வளவுதான். ஐயா ராத்திரி எங்கம்மா படுப்பாரு? நான் சொன்னேன், முகூர்த்த மாசத்துல ஸ்டுடியோவுலயே படுத்துக்குவாரு, காத்தால சீக்கிரம் கிளம்பணுமேன்னு. அங்க தண்ணி எதுல பிடிச்சு வச்சிருக்கீங்கன்னுச்சு. அப்பத்தான் எனக்கு அந்த சிமென்ட் தொட்டி ஞாபகத்துக்கே வந்துச்சு. பின்னாடி முத்தத்துல, பிரிண்ட் அலசறதுக்கு அவரே கட்டினது. கலர் லேப் வந்த பிறகு அதுக்கு வேலையே இல்ல. ஆனா மனுஷன் அதை ஒரு நாளும் காலியா விட மாட்டாரு. ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடின வருஷம் பயந்ததுதான், அதுல இருந்து விளிம்பு வரைக்கும் ரொப்பி வச்சுக்குவாரு. மூடி போடுங்கன்னா, மூடினா தண்ணி நாறும்பாரு. பக்கத்துலயே கயித்துக் கட்டிலு. தொட்டித் தண்ணி பக்கத்துல இருந்தா குளுகுளுன்னு தூக்கம் வரும்னு பெருமை வேற.

அவரு போன பிறகு பூட்டின பூட்டு. அன்னிக்குத்தான் திறந்தேன். மழைத் தண்ணியில தொட்டி ரொம்பிக் கிடந்துச்சு. சுத்தமான தண்ணி, அடி வரைக்கும் தெரிஞ்சுது. அதுல இதுங்க. ஒரு தூசி தும்பு இல்லாம, தின்ன ஒரு ஆளு இல்லாம, சொகமாப் படுத்திருக்கு. இதுதான் கடிச்சுதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மான்னுச்சு அன்வரி பேகம். அதுக்குப் படிப்பு அப்படி. எனக்குச் சத்தியமெல்லாம் வேண்டியதில்ல. கேமராவை வச்சு எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. மீட்டிங்குல அந்தப் படத்தை மேஜையில போட்டு, என் வீட்டுக்காரரைக் கொன்னது உங்க குட்டை இல்ல, அவரு கட்டின தொட்டின்னேன்.

அதுக்கும் பேசினாங்க, ஏன் பேசல. செத்துப் போன மனுஷனை நாலு பேரு முன்னாடி இப்படிச் சொல்றாளே, கல் நெஞ்சுன்னு. ஷெட்டுக்குப் பேரு வைக்கிறதுதான் மரியாதை போல இருக்கு.

தொட்டியா? இல்ல இப்ப. ஆள் வச்சு கடப்பாரை போட்டு உடைச்சாச்சு. உடைக்கிறதுக்கு முந்தின நாள் நான் தனியாப் போனேன். ஒரு மூடி போட்ட வாளியும் டீ வடிகட்டியும் எடுத்துக்கிட்டு. அதுல இருந்த புழுவை ஒண்ணு விடாம வழிச்சு வாளியில போட்டேன். முதுகு ஒடிஞ்சு போச்சு. ஆட்டோ பிடிச்சு வாளியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். டிரைவரு திரும்பிப் பாத்து, இன்னாமா, மீனா வாங்கினு போறன்னு கேட்டாரு. ஆமாம்ப்பான்னேன். ஸ்பீடு பிரேக்கர் வர்றப்ப எல்லாம் மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தேன், சிந்திடப் போகுதேன்னு.

நேரா குட்டைக்குப் போனேன். படிக்கட்டுல உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினேன். பத்ரிநாராயணன் சம்சாரம் பால்கனியில நின்னுக்கிட்டு இருந்தா. பாக்கட்டும்னு விட்டுட்டேன். முதல்ல மல்லாக்க நீந்துறதுதான் வந்துச்சு. அப்புறம் மீனு. அப்புறம் அந்த அசிங்கம் பிடிச்ச தட்டான் குஞ்சுங்க, ஒவ்வொண்ணா, அவசரமே இல்லாம. நானும் அவசரப்படல. கேமரா எடுத்துட்டுப் போகல அன்னிக்கு. கடைசி ஒண்ணு போற வரைக்கும் கண்ணு எடுக்காம பாத்தேன். பாத்துட்டு, வாளியைக் கழுவி எடுத்துக்கிட்டு மேல வந்து உலை வச்சேன். வெறும் ரசமும் அப்பளமும்தான். அவரு போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான், தம்பி, நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.